ஒவ்வாமைக்கு மாத்திரை: உழவர்கள் அறிந்து பயன்படுத்தும் முறை

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் நெல், மணிலா, கரும்பு, உளுந்து, சவுக்கு, முந்திரி ஆகியவை பரவலாகப் பயிரிடப்படுகின்றன. தை, மாசி மாதங்களில் சம்பா நெல்லை அறுத்து அடிக்கும்போது உடலெங்கும் சுணை ஒட்டிக்கொண்டு அரிக்கிறது. மணிலாக் கொடியைப் பிடுங்கி, காயை ஆய்ந்து, காய வைத்துத் தூற்றும்போது எழும் தூசியால் அடுக்குத் தும்மல் வருகிறது. மழைக்குப் பின் வரப்பிலும் தரிசிலும் பார்த்தீனியம் மண்டுகிறது. இத்தகைய தொல்லைகள் வந்தவுடன் நம்மில் பலர் கடைக்குச் சென்று "அலர்ஜி மாத்திரை" என்று கேட்டு வாங்கி விழுங்கிவிட்டு மீண்டும் வேலைக்குத் திரும்புகிறோம்.

இம்மாத்திரைகள் விலை குறைந்தவை. நல்ல பலன் தருபவை. ஆனால் பயிருக்குப் போடும் மருந்தைப் போலவே இதற்கும் எந்த நோய்க்கு, எந்த அளவில், எந்த நேரத்தில் என்ற கணக்கு உண்டு. கணக்குத் தவறினால் இரண்டு வகையில் ஆபத்து நேரும். ஒன்று, மாத்திரை தரும் தூக்கக் கலக்கத்தால் இயந்திரத்திலோ, கிணற்றிலோ, மரத்திலோ விபத்து நேரலாம். மற்றொன்று, மாத்திரையால் தீராத ஆபத்தான நிலையில் அதை நம்பிக் காத்திருந்து உயிர் காக்கும் நேரத்தை இழக்கலாம். இவ்விரண்டையும் தவிர்க்கும் வழிகளை இக்கட்டுரையில் காண்போம்.

ஒவ்வாமை எவ்வாறு உண்டாகிறது?

நம் உடலுக்குள் நுழையும் கிருமிகளை எதிர்க்க உடலிலேயே ஒரு காவல் ஏற்பாடு இருக்கிறது. சிலருக்கு இக்காவல் ஏற்பாடு மகரந்தம், தூசி, பூச்சியின் கொடுக்கு நஞ்சு, சில உணவுகள் முதலியவற்றையும் எதிரியாகக் கருதிவிடுகிறது. அப்போது தோலிலும் மூக்கிலும் உள்ள ஒருவகை உயிரணுக்களிலிருந்து ஹிஸ்டமின் என்ற பொருள் வெளியாகிறது. இதனால் நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்து நீர் கசிகிறது. நரம்பு முனைகள் தூண்டப்படுகின்றன. தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்பு, காணாக்கடி எனப்படும் திடீர்த் தடிப்பு ஆகியவை இவ்வாறு ஏற்படுகின்றன.

ஹிஸ்டமின் உடலில் செய்யும் வேலையை இங்கிலாந்து நாட்டு விஞ்ஞானி ஹென்றி டேலும் அவருடைய குழுவினரும் 1910ஆம் ஆண்டில் விளக்கினர். அதைத் தடுக்கும் முதல் மருந்துப் பொருளை 1937ஆம் ஆண்டில் பாரிசு நகரின் பாஸ்டர் நிலையத்தில் டேனியல் போவே கண்டறிந்தார். இப்பணியையும் பிற மருந்து ஆய்வுகளையும் பாராட்டி அவருக்கு 1957ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இன்று நாம் விழுங்கும் மாத்திரைகள் இக்கண்டுபிடிப்பின் வழிவந்தவையே.

பூட்டில் சாவி நுழைவதுபோல ஹிஸ்டமின் உயிரணுக்களின் மேலுள்ள ஏற்பிகளில் பொருந்தித் தன் வேலையைச் செய்கிறது. மாத்திரை அந்த இடத்தை முன்னதாகவே பிடித்துக்கொள்கிறது. எனவே தொல்லை முற்றுவதற்கு முன் மாத்திரையை எடுத்துக்கொண்டால்தான் பலன் அதிகம். ஹிஸ்டமினால் வராத நோய்க்கு இம்மாத்திரையால் பெரிய பலன் இல்லை என்பதும் இதிலிருந்து விளங்கும்.

எந்தத் தொல்லைக்கு மாத்திரை உதவும்?

தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்பு: சவுக்கு மகரந்தம், மணிலாத் தூசி, வைக்கோல் தூசி ஆகியவற்றால் வரும் இத்தொல்லைகளுக்கு மாத்திரை நன்கு உதவும். மூக்கடைப்புக்குப் பலன் குறைவு.

காணாக்கடி: தோலில் திட்டுத் திட்டாகத் தடித்து, அரித்து, சில மணி நேரத்தில் ஓரிடத்தில் மறைந்து வேறிடத்தில் தோன்றும். இதற்கு இம்மாத்திரையே முதல் மருந்து.

நெல் சுணை, கரும்புத் தோகைச் சுணை, முருங்கைக் கம்பளிப்பூச்சியின் மயிர்: இவை பெரும்பாலும் தோலில் குத்தி உறுத்துவதால் அரிப்பைத் தருகின்றன. சோப்புப் போட்டுக் குளித்து, உடையை மாற்றுவதே முதல் வைத்தியம். கம்பளிப்பூச்சி மயிரைத் தேய்க்காமல், ஒட்டும் நாடாவை ஒட்டி உரித்தெடுத்த பின் கழுவ வேண்டும். தடிப்பும் அரிப்பும் நீடித்தால் மாத்திரை எடுக்கலாம்.

முந்திரித் தோட்டின் எண்ணெய்: இது தோலைப் புண்ணாக்கும். மாத்திரை இப்புண்ணை ஆற்றாது. உடனே சோப்பு நீரால் கழுவி, புண் பெரிதாயின் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பார்த்தீனியம்: இதைத் தனியே விளக்குவது அவசியம். இக்களை நம் நாட்டில் 1950களின் நடுவில் பூனா நகரில் கண்டறியப்பட்டு, பின் நாடெங்கும் பரவியது. இதன் இலை, தண்டு, பூவில் உள்ள பார்த்தீனின் என்னும் பொருள் ஒவ்வாமையைத் தூண்டுகிறது. பல மாதங்களோ ஆண்டுகளோ இச்செடியுடன் பழகிய பிறகே சிலருக்கு நோய் தோன்றுகிறது. காய்ந்த செடியின் துகள் காற்றில் பறந்து படுவதால் கண் இமை, முகம், கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் தோல் சிவந்து, தடித்து, கருத்துச் சொரசொரப்பாகும். இது ஹிஸ்டமினை முக்கியக் காரணமாகக் கொண்ட நோயன்று. மாத்திரையால் இரவில் சற்று அரிப்பின்றித் தூங்கலாம், நோய் தீராது. தோல் மருத்துவரின் சிகிச்சையும் செடியை விட்டு விலகி இருப்பதும் வேண்டும். பக்கத்து வீட்டார் சொன்னார் என்று ஸ்டீராய்டு களிம்பை முகத்தில் மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து கெட்டுவிடும்.

மாத்திரைகளில் இரு வகை

முதல் வகை, பழைய மருந்துகள். குளோர்பெனிரமின் (கடைகளில் சி.பி.எம். என்பர்), அவில் என்ற வணிகப் பெயரால் அறியப்படும் பெனிரமின் ஆகியவை இதில் அடங்கும். இவை மூளைக்குள்ளும் சென்று தூக்கத்தைத் தருகின்றன. வாயை உலரச் செய்கின்றன.

இரண்டாம் வகை, 1980களிலும் அதற்குப் பின்னரும் வந்த மருந்துகள். செட்ரிசின், லெவோசெட்ரிசின், லோரட்டடின், பெக்சோபெனடின் ஆகியவை இதில் அடங்கும். இவற்றால் தூக்கம் குறைவு. ஆயினும் செட்ரிசினும் லெவோசெட்ரிசினும் சிலருக்குத் தூக்கத்தைத் தரும் என்பதை மறக்கக் கூடாது. பெக்சோபெனடினால் தூக்கம் வருவது மிகக் குறைவு.

உடல்நலமுள்ள பெரியவர்களுக்கான வழக்கமான அளவுகள் வருமாறு:

குளோர்பெனிரமின்: ஒரு வேளைக்கு 4 மி.கி. 4 முதல் 6 மணி நேர இடைவெளி வேண்டும். ஒரு நாளில் 24 மி.கி.க்கு மேல் கூடாது.
செட்ரிசின்: நாளொன்றுக்கு 10 மி.கி., ஒரே வேளை.
லெவோசெட்ரிசின்: நாளொன்றுக்கு 5 மி.கி., மாலையில்.
லோரட்டடின்: நாளொன்றுக்கு 10 மி.கி., ஒரே வேளை.
பெக்சோபெனடின்: தும்மலுக்கு நாளொன்றுக்கு 120 மி.கி.; நாட்பட்ட காணாக்கடிக்கு 180 மி.கி. பழச்சாற்றுடன் விழுங்கினால் மருந்து உடலில் சேர்வது குறையும். தண்ணீருடனேயே விழுங்க வேண்டும்.

அரிப்பு உடனே அடங்கவில்லை என்று ஒரு மாத்திரைக்கு இரண்டாகப் போடுவது தவறு. மருந்து வேலை செய்ய ஏறத்தாழ ஒரு மணி நேரமாவது ஆகும். மேலும், சளி, இருமலுக்கென விற்கும் பல கூட்டு மாத்திரைகளிலும் மருந்து நீர்களிலும் குளோர்பெனிரமின் ஏற்கெனவே கலந்திருக்கிறது. அதோடு தனி மாத்திரையும் எடுத்தால் அளவு இரட்டிப்பாகிவிடும். ஆகவே அட்டையில் உள்ள மருந்தின் பெயரைப் படித்து ஒப்பிட வேண்டும்.

தூக்கக் கலக்கமும் பண்ணை வேலையும்

அலுவலகத்தில் அமர்ந்திருப்பவர் சற்றுக் கண்ணயர்ந்தால் பெரிய நட்டமில்லை. உழவருக்கு நிலைமை வேறு. கதிரடிக்கும் இயந்திரத்தில் கட்டைத் திணிப்பவர் ஒரு நொடி அசந்தால் கை உள்ளே போய்விடும். டிராக்டர், பவர் டில்லர் ஓட்டுபவர், பனை ஏறுபவர், கிணற்றில் இறங்கி மோட்டாரைப் பார்ப்பவர், கரும்பு வெட்டுபவர் ஆகிய அனைவருக்கும் இது பொருந்தும். தூக்கம் வருவதாகத் தோன்றாதபோதும் கை, கண் ஒருங்கிசைவு மந்தமாக இருக்கக்கூடும்.

இரவில் படுக்கும்போது போட்டுக்கொண்டால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் குளோர்பெனிரமினின் பாதியளவு உடலிலிருந்து வெளியேறவே பெரியவர்களுக்கு ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகலாம். எனவே மறுநாள் காலையிலும் மந்தம் இருக்கும். அன்றிரவே மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் எழுந்து, இருட்டில் வரப்பில் நடந்து, ஈரக் கையுடன் மோட்டார் போட வேண்டியவர் இம்மாத்திரையை எடுக்கக் கூடாது. அப்பணியை வீட்டில் வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

பின்வரும் முறையைக் கடைப்பிடித்தல் நலம்:

1. பகலில் வேலை இருப்பின் தூக்கம் குறைந்த வகையையே மருத்துவரிடம் கேட்டுப் பெறவும்.
2. எந்த வகையாயினும் முதல் முறையாக எடுக்கும்போது இயந்திர வேலை, வண்டி ஓட்டுதல், மரம் ஏறுதல் இல்லாத நாளில் எடுத்து, உடல் எப்படி ஏற்கிறது என்று பார்க்கவும்.
3. பழைய வகை மாத்திரை எடுத்த நாளிலும் மறுநாள் மந்தம் தெளியும் வரையிலும் மேற்கண்ட வேலைகளைச் செய்யாதிருக்கவும்.
4. மாத்திரையுடன் மது அருந்தவே கூடாது. தூக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை, மனநோய் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

யார் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

முதியவர்கள்: பழைய வகை மாத்திரைகள் தடுமாற்றம், மனக்குழப்பம், மலச்சிக்கல் ஆகியவற்றைத் தரலாம். புராஸ்டேட் சுரப்பி வீக்கம் உள்ள ஆண்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்களில் சிலருக்கு அது கூடிவிடும்.

சிறுநீரக நோயாளிகள்: செட்ரிசின், லெவோசெட்ரிசின் ஆகியவை சிறுநீர் வழியே வெளியேறுவதால் அளவைக் குறைக்க வேண்டும். மருத்துவரே அளவைச் சொல்ல வேண்டும்.

கருவுற்றவர்கள், பாலூட்டும் தாய்மார்கள்: ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்ட பின்னரே எடுக்க வேண்டும். பழைய வகை மருந்து தாய்ப்பால் வழியே குழந்தையையும் தூங்கச் செய்யலாம்.

குழந்தைகள்: பெரியவர்களின் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் வழக்கத்தை அடியோடு விட வேண்டும். அழுகிற குழந்தையைத் தூங்க வைக்க இம்மருந்தைக் கொடுப்பது பெரும் தீங்கு. குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தரக் கூடாது என்று மருந்துப் புட்டியில் அச்சிடுமாறு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023ஆம் ஆண்டு டிசம்பரில் உத்தரவிட்டது. 2025ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் இத்தகைய கூட்டுச் சளி மருந்து ஒன்றைக் குடித்த குழந்தைகள் பலர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான அம்மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு கலந்திருந்தது சோதனையில் தெரியவந்தது. ஆகவே மருத்துவர் எழுதித் தராத மருந்து நீரைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

இன்னொரு செய்தியும் உண்டு. மாட்டுக்குப் போட வாங்கிய ஒவ்வாமை ஊசி மருந்தில் மீதம் இருக்கிறது என்று மனிதருக்குப் போடுவது கூடவே கூடாது. அதன் செறிவும் அளவும் மாட்டின் எடைக்கு ஏற்றவை.

மாத்திரையை நம்பிக் காத்திருக்கக் கூடாத நேரங்கள்

1. பூச்சிமருந்து நஞ்சேறுதல்

பயிருக்கு மருந்து அடித்த அன்று கண்ணில் நீர் வழிதலும் மூக்கொழுகலும் ஏற்பட்டால் "காற்று ஒத்துக்கொள்ளவில்லை" என்று மாத்திரை போட்டுப் படுத்துவிடுவது மிக ஆபத்தானது. ஆர்கனோ பாஸ்பேட், கார்பமேட் வகைப் பூச்சிமருந்துகள் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலில் ஏறினால் இதே குறிகளே முதலில் தோன்றலாம்.

வேறுபாட்டை இவ்வாறு அறியலாம். ஒவ்வாமையில் அரிப்பும் அடுக்குத் தும்மலும் முன்னிற்கும். நஞ்சேறினால் அதிக வியர்வை, வாயில் எச்சில் ஊறுதல், வயிற்று வலி, வாந்தி, பார்வை மங்கல், கண் பாப்பா ஊசிமுனை போல் சுருங்குதல், தசை துடித்தல், நெஞ்சு இறுக்கம் ஆகியவை சேர்ந்து வரும்.

இந்நஞ்சுக்கு ஒவ்வாமை மாத்திரை மாற்று மருந்தன்று. மருத்துவமனையில் அட்ரோபின் ஊசி போட வேண்டும். மாத்திரை தரும் தூக்கம் நஞ்சின் மயக்கத்தை மறைத்து வீட்டாரையும் ஏமாற்றிவிடும். உடனே வயலை விட்டு விலக்கி, உடைகளைக் களைந்து, சோப்பு நீரால் உடலைக் கழுவ வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மருந்துப் புட்டியின் சீட்டையும் உடன் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

2. தேனீ, குளவி, கதண்டு கொட்டுதல்

கொட்டிய இடம் மட்டும் வீங்கி வலித்தால், தேனீயின் கொடுக்கு தோலில் இருப்பின் அதை உடனே அகற்றிவிட்டு, குளிர்ந்த நீர் ஒற்றி, ஒரு மாத்திரை எடுக்கலாம். ஆனால் உடல் முழுவதும் தடிப்பு, உதடு, நாக்கு வீக்கம், குரல் கம்முதல், மூச்சுத் திணறல், வாந்தி, தலைசுற்றல், மயக்கம் ஆகியவை சில நிமிடங்களில் தோன்றினால் அது உயிரைப் பறிக்கும் கடும் ஒவ்வாமை. ஊசி மருந்து, மாத்திரை, மீன், இறால், மணிலா போன்றவற்றாலும் இது வரலாம். இதற்கு உயிர் காக்கும் மருந்து தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி ஒன்றே. மாத்திரை தடிப்பைக் குறைக்கும். மூச்சுக்குழல் அடைப்பையும் இரத்த அழுத்த வீழ்ச்சியையும் தடுக்காது.

இந்நிலையில் 108 எண்ணுக்குத் தொலைபேசி செய்ய வேண்டும். நோயாளியைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்தி வைக்கவும். மூச்சுத் திணறினால் உட்கார வைக்கவும். எழுந்து நடக்க விடக் கூடாது. நலமானதுபோல் தோன்றினாலும் சில மணி நேரம் கழித்து மீண்டும் வரக்கூடும் என்பதால் மருத்துவமனையில் கண்காணிப்பில் இருக்க வேண்டும். பல குளவிகள் ஒருசேரக் கொட்டினால், ஒவ்வாமை இல்லாவிட்டாலும் நஞ்சின் அளவாலேயே ஆபத்து உண்டு.

3. மூச்சிரைப்பு

தூசியால் இழுப்பு வந்தால் மருத்துவர் தந்த உறிஞ்சு மருந்தையே பயன்படுத்த வேண்டும். ஒவ்வாமை மாத்திரை இழுப்பைத் தணிக்காது. பூசணம் பிடித்த வைக்கோலையோ தானியத்தையோ கையாண்ட சில மணி நேரத்தில் காய்ச்சல், இருமல், மூச்சு வாங்கல் தோன்றினால் அது நுரையீரல் அழற்சியாக இருக்கலாம். அதற்கும் இம்மாத்திரை உதவாது.

4. பாம்புக்கடி

"ஏதோ பூச்சி கடித்தது" என்று மாத்திரை போட்டுக் காத்திருக்கக் கூடாது. கடித்தது எது என்று தெரியாவிட்டால் பாம்பு என்றே கொண்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

திண்டிவனத்தில் அரசு மருத்துவமனையும், விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் 2010ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும் உள்ளன. தங்கள் ஊரிலிருந்து எந்த மருத்துவமனை அண்மையில் உள்ளது, இரவில் எவ்வழியாகச் செல்வது என்பதை அறுவடைக்கு முன்பே வீட்டார் அனைவரும் தெரிந்து வைத்திருத்தல் நலம்.

வருமுன் காத்தல்

மாத்திரையின் தேவையைக் குறைப்பதே சிறந்த சிக்கனம்.

தூற்றும்போதும் கதிரடிக்கும்போதும் காற்று வீசும் திசைக்கு முதுகு காட்டி நிற்கவும். மூக்கையும் வாயையும் நன்கு மூடும் முகக்கவசம் அணியவும். முழுக்கைச் சட்டை அணிந்து, வேலை முடிந்ததும் குளித்து, அவ்வுடையைத் தனியே துவைக்கவும். மணிலாக் காயை நன்கு உலர்த்திச் சேமித்தால் பூசணமும் அதன் தூசியும் குறையும்.

பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் கையுறை அணிந்து வேரோடு பிடுங்கி அழிக்கவும். ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவர் இவ்வேலையைச் செய்யக் கூடாது. பயிரிடாத தரிசிலும் சாலையோரத்திலும் ஒரு லிட்டர் நீருக்கு 200 கிராம் சமையல் உப்பு வீதம் கரைத்து, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, பூக்கும் முன் இலைகள் நனையத் தெளிக்கலாம். விளைநிலத்தில் உப்புக் கரைசல் கூடாது; மண் கெடும். துத்தி, ஆவாரை போன்றவற்றைத் தரிசில் வளரவிட்டால் அவை இக்களையை நெருக்கிக் குறைக்கும். இதன் இலையைத் தின்னும் மெக்சிக்கோ வண்டு 1984ஆம் ஆண்டில் பெங்களூரில் வெளியிடப்பட்டுப் பல இடங்களுக்குப் பரவியுள்ளது. அதைக் கண்டால் கொல்லாமல் விடவும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

"தும்மல் மாத்திரை" என்று கேட்காமல் மருந்தின் பெயரையும் மில்லிகிராம் அளவையும் சொல்லிக் கேட்கவும். தாளில் மடித்துத் தரும் உதிரி மாத்திரைகளை வாங்காதீர்கள். அட்டையில் பெயரும் காலாவதி நாளும் தெரிய வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் பார்த்து மருந்தும் இலவசமாகவே தரப்படுகிறது. மூன்று நான்கு நாட்களில் தொல்லை அடங்காவிட்டாலும், ஒவ்வொரு பருவத்திலும் தொடர்ந்து வந்தாலும் மருத்துவரிடம் காட்டிக் காரணத்தைக் கண்டறிய வேண்டும்.

ஆகவே, உழவர் பெருமக்கள் ஒவ்வாமை மாத்திரையை விழுங்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இது அரிப்பும் தும்மலும் மட்டும்தானா, அல்லது நஞ்சா, மூச்சுத் திணறலா? இன்றும் இன்றிரவும் நான் இயந்திரம், மரம், கிணறு, மின்சாரம் ஆகியவற்றின் அருகில் செல்ல வேண்டியிருக்கிறதா? இதே மருந்து வேறு பெயரில் ஏற்கெனவே என் உடலில் சென்றிருக்கிறதா? இம்மூன்றுக்கும் விடை தெரிந்த பின் உரிய அளவில் எடுத்துக்கொண்டு, அறுவடைக் காலத்தைத் தொல்லையின்றியும் விபத்தின்றியும் கழித்துப் பயனடையுமாறு கேட்டுக்கொள்கிறோம்.